சாட்சியும் மொழித்தேர்வும்: கவிஞர் சேரனின் இதழியல், கவிதை, நாடகப் பணிகள் ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஈழத்துத் தமிழ்க் கவிஞர்களுள் குறிப்பிடத்தக்கவரான சேரன் (உருத்திரமூர்த்தி சேரன்) கவிஞராகவே பெரிதும் அறியப்படுகிறார். அவருடைய இதழியல் பணியும் நாடகப் பணியும் வாழ்க்கைக் குறிப்பின் பகுதிகளாகச் சுட்டப்படுவதோடு நின்றுவிடுகின்றன. இம்மூன்று பணிகளையும் ஒரே வரலாற்றுச் சூழலில் வைத்து நோக்கும் இக்கட்டுரை, அவற்றிற்கிடையே உள்ள உறவை மொழித்தேர்வின் வழியாக விளக்க முற்படுகிறது. கவிதையை எங்கிருந்தபோதும் தமிழிலேயே எழுதிய சேரன், இதழியலுக்கும் நாடகத்துக்கும் யாரை நோக்கிப் பேசவேண்டியிருந்ததோ அவர்களுடைய மொழியைத் தேர்ந்துகொண்டார் என்பதும், இத்தேர்வே அவருடைய படைப்புவாழ்வின் உள்ளமைப்பைக் காட்டுகிறது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: சேரன், ஈழத்துக் கவிதை, சாட்டர்டே ரிவியூ, சரிநிகர், புலம்பெயர் இலக்கியம், ஆறாம் திணை, சாட்சியம்.

1. முன்னுரை

ஒரே படைப்பாளி கவிஞராகவும் நாடக ஆசிரியராகவும் இதழாளராகவும் விளங்குவது தமிழுக்குப் புதியதன்று. 'இந்தியா' இதழை நடத்திய பாரதியும், கவிதையோடு நாடகமும் எழுதி 'குயில்' இதழையும் நடத்திய பாரதிதாசனும் இம்மரபின் முன்னோடிகள். இவ்வாறான படைப்பாளிகளை ஆராயும்போது நாம் பெரும்பாலும் பணிகளைத் தனித்தனி இயல்களாகப் பகுத்துக்கொள்கிறோம். முதல் இயலில் கவிதையும் அடுத்த இயலில் உரைநடையும் இறுதியில் பிற பணிகளும் இடம்பெறும். இப்பகுப்பு வசதியானதே. ஆயினும், ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு அப்படைப்பாளி ஏன், எப்போது சென்றார் என்னும் வரலாற்று வினாவை இது மறைத்துவிடுகிறது.

சேரனைப் பொறுத்தவரை இவ்வினா கூடுதல் முதன்மை பெறுகிறது. அவர் எழுதத் தொடங்கிய காலத்தில் யாழ்ப்பாணத்தில் செய்தித்தாள் அலுவலகமும் நூலகமும் எரிக்கப்பட்டன, இதழ்கள் தடைசெய்யப்பட்டன, எழுத்தாளர்கள் நாட்டைவிட்டு வெளியேறினர், சிலர் கொல்லப்பட்டனர். இத்தகைய காலத்தில் எவ்வடிவத்தில் எழுதுவது என்பதை அழகியல் விருப்பம் மட்டும் முடிவுசெய்வதில்லை. எதை அச்சிட முடியும், யார் படிப்பார்கள், படிப்பவர் எம்மொழி அறிந்தவர் என்பனவும் சேர்ந்தே முடிவுசெய்கின்றன. இவ்வினாக்களை முன்வைத்துச் சேரனின் பணிகள் இங்குக் காலமுறையில் ஆராயப்படுகின்றன.

2. பின்புலம்: மஹாகவி மரபு

சேரன் 1960ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தை அடுத்த அளவெட்டியில் பிறந்தார். அவருடைய தந்தை து. உருத்திரமூர்த்தி (1927–1971), 'மஹாகவி' என்னும் புனைபெயரால் அறியப்படும் கவிஞர். ஈழத்து நவீன கவிதையின் போக்கை மாற்றியவர்களுள் ஒருவராக அவர் மதிக்கப்படுகிறார். யாப்பைக் கைவிடாமலேயே அதன் ஓசையைப் பேச்சுமொழிக்கு அருகில் கொண்டுவந்தது மஹாகவியின் முதன்மையான பங்களிப்பு. எம். ஏ. நுஃமான் உள்ளிட்ட திறனாய்வாளர்கள் இதனைப் பேச்சோசை என்னும் கருத்தாக்கத்தின் வழியே விளக்கியுள்ளனர்.

இக்கட்டுரைக்குத் தேவையான இன்னொரு செய்தி, மஹாகவி பாநாடக ஆசிரியராகவும் விளங்கினார் என்பது. 'கோடை', 'புதியதொரு வீடு', 'முற்றிற்று' ஆகியன அவருடைய பாநாடகங்கள். 'புதியதொரு வீடு' கடலோர மக்களின் வாழ்வைக் களமாகக் கொண்டது. மேடையில் ஒருவர் இன்னொருவரோடு பேசும் பேச்சாகவே கவிதை அமையமுடியும் என்பதை இந்நாடகங்கள் காட்டின. தந்தை மறையும்போது சேரனுக்கு வயது பதினொன்றே. எனவே நேரடிப் பயிற்சியைவிட, கேட்டும் படித்தும் பெற்ற மரபாகவே இதனைக் கொள்ளவேண்டும். சேரன் யாப்பைப் பின்பற்றாமல் புதுக்கவிதை வடிவத்தைத் தேர்ந்துகொண்டார். எனினும் அவர் கவிதைகளின் குரல் எதிரே ஒருவர் நிற்பதாகக் கருதிப் பேசும் குரலாகவே பெரிதும் அமைகிறது. முன்னிலை விளிகளும் கேட்டு நிறுத்தும் வினாக்களும் அவற்றில் மிகுதி. நாடகத்துக்கான விதை கவிதையிலேயே இருந்தது எனக் கருத இது இடந்தருகிறது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சேரன் உயிரியல் அறிவியலில் பட்டம் பெற்றார். 1974இல் வளாகமாகத் தொடங்கப்பட்டு, 1979இல் தனிப் பல்கலைக்கழகமான அந்நிறுவனம் 1980களில் வடபகுதியின் அறிவுலக மையமாகவும் கலைச்செயற்பாட்டு மையமாகவும் விளங்கியது. துறை எதுவாயினும் மாணவர்கள் கவிதை அரங்குகளிலும் நாடக ஒத்திகைகளிலும் கூடும் சூழல் அங்கு நிலவியது.

3. 1981: நூலகமும் அச்சகமும்

1981 மே 31ஆம் நாள் இரவிலிருந்து யாழ்ப்பாண நகரில் நிகழ்த்தப்பட்ட தீவைப்பில் ஏறத்தாழ 97,000 நூல்களையும் அரிய ஏட்டுச்சுவடிகளையும் கொண்டிருந்த யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தழிந்தது. அந்நாள்களிலேயே 1959 முதல் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவந்த 'ஈழநாடு' நாளிதழின் அலுவலகமும் எரிக்கப்பட்டது. நூலக எரிப்பு பரவலாக நினைவுகூரப்படுகிறது; நாளிதழ் அலுவலகத்தின் எரிப்பு அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. இவ்விரண்டையும் சேர்த்து நோக்கும்போதே நிகழ்வின் முழுப்பொருள் புலப்படும். நூலகம் ஒரு சமூகத்தின் கடந்தகால ஆவணம்; நாளிதழ் அதன் நிகழ்கால ஆவணம். இரண்டும் ஒரே வேளையில் தாக்கப்பட்டன.

சேரனின் முதல் தொகுதியான 'இரண்டாவது சூரிய உதயம்' 1983இல் வெளிவந்தது. தொகுதிக்குப் பெயர்தந்த கவிதை, நகர் எரிக்கப்பட்டதைப் பேசுவது. காற்றற்ற ஒரு பொழுதில் கடலோரம் நடப்பவனுக்குத் தெற்குத் திசையில் மற்றொரு சூரியன் எழுவது தெரிகிறது. அது எரியும் நகரின் ஒளி. கவிதை ஆண்டையோ நாளையோ கூறவில்லை. எரித்தவர் பெயரையும் கூறவில்லை. ஆயினும் திசையைக் கூறுகிறது. தெற்கு என்னும் ஒரு சொல் நிலவியல் குறிப்பாகவும் அரசியல் குறிப்பாகவும் ஒருங்கே இயங்குகிறது. நிகழ்ந்த இடத்தைத் துல்லியமாகப் பதிவுசெய்யும் இதழாளரின் பழக்கம், சேரன் இதழாளராவதற்கு முன்பே அவர் கவிதையில் இடம்பெற்றிருப்பதை இது காட்டுகிறது.

4. 'சாட்டர்டே ரிவியூ': யாழ்ப்பாணத்தின் ஆங்கிலக் குரல்

1982 தொடக்கத்தில் எஸ். சிவநாயகத்தை ஆசிரியராகக் கொண்டு 'சாட்டர்டே ரிவியூ' என்னும் ஆங்கில வார இதழ் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவரத் தொடங்கியது. தமிழ்பேசும் நகரொன்றில் ஓர் ஆங்கில இதழ் தோன்றியதற்குக் காரணம் உள்ளூர் வாசகர்களின் தேவை மட்டுமன்று. வடக்கில் நிகழ்வன கொழும்பின் நாளிதழ்கள் வழியாகவே தென்னிலங்கைக்கும் வெளிநாட்டினருக்கும் தெரியவந்தன. அச்செய்திகளுக்கு யாழ்ப்பாணத்திலிருந்தே ஒரு மாற்றுப் பதிவு தேவைப்பட்டது. தமிழறியாதவர்கள் படிக்கவேண்டும் என்பதற்காகவே இதழின் மொழி ஆங்கிலமாயிற்று.

1983 சூலைத் தொடக்கத்தில் அவ்விதழ் தடைசெய்யப்பட்டு முத்திரையிடப்பட்டது. இக்காலநிரல் கருதத்தக்கது. தமிழருக்கெதிரான பெருவன்செயல் வெடித்தது அதே மாதத்தின் இறுதி வாரத்தில். அதாவது, யாழ்ப்பாணத்திலிருந்து உலகுக்குச் செய்தி சொல்லிவந்த இதழ், சொல்லவேண்டிய பெருநிகழ்வு நேர்ந்தபோது மூடப்பட்டிருந்தது. ஆகஸ்டில் நிறைவேற்றப்பட்ட ஆறாவது அரசியலமைப்புத் திருத்தம் தனிநாட்டுக் கோரிக்கையை ஆதரிப்பதைக் குற்றமாக்கியது. 1979 முதல் நடைமுறையிலிருந்த பயங்கரவாதத் தடைச்சட்டத்தோடு இதுவும் சேர்ந்தபோது, எழுத்துக்கான வெளி மேலும் சுருங்கியது. சிவநாயகம் தமிழகத்துக்குச் சென்றார்.

1984இல் இதழ் மீண்டும் வெளிவந்தபோது அதன் ஆசிரியராகப் பொறுப்பேற்றவர் காமினி நவரத்ன என்னும் சிங்கள இதழாளர். போர் முற்றிய ஆண்டுகளில் யாழ்ப்பாணத்திலேயே தங்கி அவ்விதழை நடத்தினார். அதே ஆண்டில் சேரன் அவ்விதழில் இதழாளராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு. 1987இல் நாட்டைவிட்டு வெளியேறும்வரை அவருடைய இதழியல் பணி இவ்விதழைச் சார்ந்தே அமைந்தது.

சேரன் பணியாற்றிய இவ்வாண்டுகளில் அச்சுறுத்தல் அரசுப்படையிடமிருந்து மட்டும் வரவில்லை. தமிழ் இயக்கங்கள் தமக்குள் மோதிக்கொண்ட காலமும் இதுவே. 1986இல் விடுதலைப்புலிகள் டெலோ இயக்கத்தை அழித்தபின் வடபகுதியின் அரசியல் வெளி ஒற்றை அதிகாரத்தை நோக்கி நகர்ந்தது. எந்த இயக்கத்தையும் சாராத இதழாளருக்கு நான்கு புறமும் நெருக்கடி இருந்தது. 1987 அக்டோபரில் இந்திய அமைதிகாப்புப் படை 'ஈழமுரசு', 'முரசொலி' ஆகிய நாளிதழ்களின் அச்சகங்களைத் தகர்த்தது. ஆறே ஆண்டுகளில் யாழ்ப்பாண அச்சுலகம் இலங்கை அரசு, இயக்கங்கள், இந்தியப்படை என மூன்று ஆயுத அதிகாரங்களின் அழுத்தத்தையும் எதிர்கொண்டது.

5. செய்தியும் கவிதையும்

சேரனின் அரசியல் கவிதைகளை மதிப்பிடும்போது எழுப்பப்படும் கேள்வி ஒன்றுண்டு. நிகழ்வைச் சார்ந்து எழுதப்படும் கவிதை, நிகழ்வு மறக்கப்படும்போது தானும் மறையாதா? அது செய்தியின் யாப்பற்ற வடிவம்தானே? இக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 1980களின் ஈழத்துக் கவிதைகளுள் கணிசமானவை முழக்கங்களாகவே நின்றுபோயின.

'எல்லாவற்றையும் மறந்து விடலாம்' என்னும் சேரனின் கவிதையை இக்கேள்விக்கான சோதனைக்களமாகக் கொள்ளலாம். 1983 சூலை வன்செயலை அடுத்து எழுதப்பட்ட இக்கவிதை, மறந்துவிடலாம் என்னும் இணக்கக்குரலில் தொடங்கி, மறக்க இயலாதவற்றை ஒவ்வொன்றாக அடுக்கிச் செல்கிறது. எரிந்த வாகனமும் மனித உடலின் எஞ்சிய பகுதியும் வருகின்றன. தேயிலைச் செடிகளின் மறைவில் குழந்தைகளுக்காக உலையேற்றிய தாயும், உடைந்த பானையும், சிதறிய சோறும் வருகின்றன. கவிதையின் உடல் ஒரு பட்டியல். நிகழ்விடத்துக்குச் சென்ற செய்தியாளர் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும் பட்டியலை அது ஒத்திருக்கிறது.

ஆனால் செய்தி தரவேண்டிய பலவற்றை அக்கவிதை தரவில்லை. நாளில்லை, அலுவலர் கூற்றில்லை. செய்தியில் எண்ணாக மாறிவிடும் மனிதர்கள் இங்குப் பொருள்களாக எஞ்சுகின்றனர். ஒரு பானையும் ஒரு துணியும் ஓர் உடலுறுப்புமே எஞ்சுவன. மேலும் பட்டியலை வழிநடத்தும் சொல் 'மறத்தல்'. மறக்கச் சொல்பவர் யார் என்பது கவிதைக்குள் விடையின்றி விடப்படுகிறது. அமைதி திரும்பிவிட்டது என அறிவிக்கும் அரசா, பிழைத்தோரின் களைப்பா, காலமா? இவ்வினாவை எழுப்புவது செய்தியின் பணியன்று, கவிதையின் பணி. ஆகவே இக்கவிதை செய்தியின் கண்ணோட்டத்தையும் பொருள்நோக்கையும் கடன்பெற்று, செய்தி நின்றுவிடும் இடத்திலிருந்து தொடர்கிறது எனலாம். நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அது படிக்கப்படுவதற்கு இதுவே காரணம்.

இங்கு மொழித்தேர்வு தெளிவாகப் புலப்படுகிறது. 1984 முதல் 1987 வரை சேரன் பகலில் ஆங்கிலத்தில் எழுதும் இதழாளர். அதே காலத்தில் 'யமன்' (1984) தொகுதியைத் தமிழில் வெளியிட்ட கவிஞர். நிகழ்ந்தது என்ன என்பதை வெளியாருக்கு உரைக்க ஆங்கில இதழ் பயன்பட்டது. நிகழ்ந்ததோடு எப்படி வாழ்வது என்பதைத் தம் மக்களோடு பேசத் தமிழ்க்கவிதை பயன்பட்டது. ஒன்றை மற்றொன்றின் மொழிபெயர்ப்பாகக் கொள்ள இயலாது.

6. தொகுப்பாசிரியப் பணி: 'மரணத்துள் வாழ்வோம்'

1985இல் வெளிவந்த 'மரணத்துள் வாழ்வோம்' தொகுப்பு, இதழியலும் கவிதையும் சந்தித்த இடம். சேரன், அ. யேசுராசா, இ. பத்மநாப ஐயர், மயிலங்கூடலூர் பி. நடராசன் ஆகியோர் தொகுத்த இந்நூலில் 31 கவிஞர்களின் 82 அரசியல் கவிதைகள் இடம்பெற்றன. தொகுத்தல் என்பது இதழாசிரியரின் செயலுக்கு நெருக்கமானது. பல்வேறு குரல்களைத் திரட்டி, தேர்ந்து, வரிசைப்படுத்தி, ஒரு காலத்தின் பதிவாக முன்வைப்பதே இரண்டின் பணியும். இதழ்கள் தடைசெய்யப்படும் சூழலில் ஒரு கவிதைத் தொகுப்பு இதழுக்குரிய பணியையும் ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டில் சித்ரலேகா மௌனகுருவின் முன்னெடுப்பில் பெண் கவிஞர்களின் 'சொல்லாத சேதிகள்' வெளிவந்தது. அத்தொகுப்பின் தலைப்பிலேயே 'சேதி' என்னும் சொல் அமைந்திருப்பது தற்செயலாகத் தோன்றவில்லை. நாளிதழ் சொல்லாத சேதிகளைக் கவிதை சொல்லும் என்னும் நம்பிக்கை அக்காலத்துக்குப் பொதுவானது.

7. 'சரிநிகர்': தமிழரிடம் தமிழில்

1987இல் நெதர்லாந்துக்குச் சென்ற சேரன் அங்கு வளர்ச்சியியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். பின்னர் இலங்கைக்குத் திரும்பிக் கொழும்பில் 'சரிநிகர்' இதழின் ஆசிரியப் பணியில் பங்கேற்றார். இனங்களுக்கிடையே நீதிக்கும் சமத்துவத்துக்குமான இயக்கம் 1990இல் தொடங்கிய தமிழ் இதழ் இது. பாரதியின் சொல்லாட்சியை நினைவூட்டும் பெயர் கொண்ட இவ்விதழ், தமிழில் மாற்றுக்கருத்துக்கான இதழியலுக்கு ஒரு முன்மாதிரியாக அமைந்தது.

யாழ்ப்பாணத்தில் ஆங்கிலத்தில் எழுதிய இதழாளர், சிங்களமும் ஆங்கிலமும் மேலோங்கிய தலைநகரில் தமிழுக்கு மாறுகிறார். மேலோட்டமாக முரணாகத் தோன்றும் இம்மாற்றம், யாரிடம் பேசவேண்டியிருந்தது என்று நோக்கினால் விளங்கும். 1980களின் நடுப்பகுதியில் தமிழர் மீதான வன்முறையை வெளியுலகுக்குச் சொல்வது முதல் தேவையாக இருந்தது. 1990களின் தொடக்கத்தில் தமிழ்ச் சமூகத்துக்குள் நிகழ்ந்தவற்றைத் தமிழரிடமே பேசவேண்டிய தேவை எழுந்தது. 1989 செப்டம்பரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விரிவுரையாளர் ராஜினி திராணகம சுட்டுக்கொல்லப்பட்டார். 1990 அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப்புலிகளால் ஒட்டுமொத்தமாக வெளியேற்றப்பட்டனர். 1991 மே மாதத்தில் கவிஞர் சிவரமணி தம் கவிதைகளை எரித்துவிட்டு உயிர் துறந்தார். அதே ஆண்டில், பல்கலைக்கழகத்தில் அரங்கியல் பயின்றுகொண்டிருந்த கவிஞர் செல்வி விடுதலைப்புலிகளால் பிடித்துச் செல்லப்பட்டார்; அவர் திரும்பவில்லை. 1981இல் வெளியிலிருந்து வந்தவர்கள் நூலகத்தை எரித்தனர். பத்தாண்டுகளுக்குப் பின் ஒரு கவிஞர் தம் கவிதைகளைத் தாமே எரிக்கும் நிலை உருவாகியிருந்தது.

கொழும்பும் பாதுகாப்பான இடமாக இருக்கவில்லை. ஆங்கில இதழாளரும் நடிகரும் கவிஞருமான ரிச்சர்ட் டி சொய்சா 1990 பிப்ரவரியில் கொழும்பில் தம் வீட்டிலிருந்து கடத்திக் கொல்லப்பட்டார். கவிதை, அரங்கு, இதழியல் ஆகிய மூன்றிலும் இயங்கிய ஒருவர் தென்னிலங்கையில் எதிர்கொண்ட முடிவு இது. இச்சூழலில் 'சரிநிகர்' போன்ற ஓர் இதழை நடத்துவது அரசையும் தமிழ்த்தேசியத்தின் ஆயுத வடிவத்தையும் ஒருசேர விமர்சிக்கும் துணிவை வேண்டியது. சேரன் மீண்டும் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. பிற்காலத்தில் வெளிவந்த அவருடைய கட்டுரைத் தொகுதிக்கு 'உயிர் கொல்லும் வார்த்தைகள்' (2001) எனப் பெயர் அமைந்தது. சொல்லின் ஆற்றலைப் போற்றும் மரபில் வந்த கவிஞர், சொல் கொல்லவும் கூடும் என்பதைத் தலைப்பாக்கியிருப்பது கருதத்தக்கது.

8. புலம்பெயர்வும் ஆறாம் திணையும்

கனடாவில் குடியேறிய சேரன், டொரொண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, பின்னர் வின்சர் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியரானார். இதழாளராக அவர் கேட்ட வினாக்கள் இப்போது ஆய்வு வினாக்களாயின. 2001இல் கொழும்பின் மார்கா நிறுவனம் ஆங்கிலத்தில் வெளியிட்ட அவருடைய ஆய்வுநூல், தமிழ்ப் புலம்பெயர்ந்தோரின் நினைவு, வரலாறு, கற்பனை ஆகியவற்றை 'ஆறாம் வகைமை' என்னும் தலைப்பின் கீழ் ஆராய்ந்தது. ஐந்திணைக்குப் புறத்தே, பனிசூழ்ந்த புலம்பெயர் நிலத்தை ஆறாம் திணையாகக் கருதும் சிந்தனையோடு இது இணைகிறது.

திணை என்பது நிலத்தை மட்டும் குறிப்பதன்று. நிலம், பொழுது, கருப்பொருள், உரிப்பொருள் ஆகியவற்றின் ஒத்திசைவு அது. புலம்பெயர்ந்தவரிடம் இவ்வொத்திசைவு உடைகிறது. அவருடைய உரிப்பொருள் ஒரு நிலத்திலும் முதற்பொருள் இன்னொரு நிலத்திலும் உள்ளன. சேரனின் கவிதைத் தொகுதிகளில் போரைப் பேசும் கவிதைகளோடு காதலையும் பிரிவையும் பேசும் கவிதைகள் எப்போதும் அருகருகே இடம்பெற்றுள்ளன. 'நீ இப்பொழுது இறங்கும் ஆறு' (2000), 'மீண்டும் கடலுக்கு' (2004) ஆகிய தொகுதிகளின் தலைப்புகளே ஆற்றையும் கடலையும் மீளும் வழிகளாகக் காட்டுகின்றன. அகக்கவிதைகளைச் சாட்சியக் கவிதைகளிலிருந்து விலக்கிப் படிப்பது பொருந்தாது. பிரிவும் இரங்கலும் தனிமனித உணர்வுகளாக இருந்தபடியே ஒரு மக்கள்கூட்டத்தின் வரலாற்று நிலையாகவும் மாறியதே இக்காலத்தின் தன்மை.

9. நாடகம்: ஆங்கிலத்தில் நேர்நிற்றல்

1980களின் யாழ்ப்பாணம் அரங்கச் செயற்பாட்டால் நிறைந்திருந்தது. குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறியாண்ட 'மண் சுமந்த மேனியர்' 1985இல் மேடையேறி ஊர் ஊராகச் சென்றது. கவிதைகளை அரங்க நிகழ்வாக அளிக்கும் 'கவிதா நிகழ்வு' என்னும் வடிவமும் அங்கு வேரூன்றியது. தணிக்கையும் தடையும் அச்சை முடக்கியபோது, அரங்கில் உச்சரிக்கப்பட்ட சொல் அச்சகமின்றியே மக்களை அடைந்தது. சேரன் தம் இளமையில் கண்ட அரங்கு இது.

அவருடைய நாடகங்களான 'நாட் பை அவர் டியர்ஸ்', 'வாட் இஃப் த ரெயின் ஃபெயில்ஸ்' ஆகியன ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, புலம்பெயர் சூழலில் மேடையேறியவை. பாநாடக ஆசிரியரின் மகன், தமிழில் வலுவான அரங்க மரபு கொண்ட ஊரிலிருந்து வந்தவர், நாடகத்துக்கு ஆங்கிலத்தைத் தேர்ந்தது ஏன்? இதே காலத்தில் அவருடைய கவிதைகள் பிறர் வழியாக ஆங்கிலத்துக்குச் சென்றன. செல்வா கனகநாயகம், லட்சுமி ஹோம்ஸ்ட்ரோம், சாஷா எபெலிங் ஆகியோரின் மொழிபெயர்ப்புகள் 2009 முதல் 2013 வரையிலான ஆண்டுகளில் கனடாவிலும் இந்தியாவிலும் இங்கிலாந்திலும் நூல்களாயின. இரு மொழிகளிலும் வல்லவராயினும் சேரன் தம் கவிதையைத் தாமே ஆங்கிலத்தில் எழுத முற்படவில்லை. கவிதையை மொழிபெயர்ப்பாளர்களிடம் விட்டார். நாடகத்தைத் தாமே ஆங்கிலத்தில் எழுதினார்.

இவ்வேறுபாடு 'சாட்டர்டே ரிவியூ' காலத்தின் பகுப்பையே மீண்டும் காட்டுகிறது. வெளியாரிடம் நேரடியாகப் பேசவேண்டிய வடிவம் ஆங்கிலத்தில் அமைகிறது. அன்று அவ்வடிவம் வார இதழாக இருந்தது. கனடாவில் அது நாடகமாகிறது. இடைப்பட்ட காலத்தில் செய்தி பஞ்சமற்றதாகிவிட்டது. 2009இன் இறுதிப்போர் தொலைக்காட்சியிலும் இணையத்திலும் உலகின் கண்முன்னே நிகழ்ந்தது. செய்தி கிடைக்காமை என்னும் 1983இன் சிக்கல், செய்தி கிடைத்தும் செவிசாயாமை என்னும் சிக்கலாக மாறியிருந்தது. நாடகம் பார்வையாளரை ஓர் இடத்தில் அமர்த்தி, உயிருள்ள மனிதர் முன்னிலையில் கேட்கச்செய்கிறது. நாளிதழின் பக்கத்தைத் திருப்புவதுபோல் அதனைத் திருப்பிவிட முடியாது. ஆகவே இந்நாடகங்களை அவருடைய இதழியலின் தொடர்ச்சியாகப் படிப்பது பொருத்தமானது.

10. 2009க்குப் பின்: ஈமமும் அஞரும்

முள்ளிவாய்க்கால் அழிவுக்குப் பின் வெளிவந்த தொகுதிக்குச் சேரன் 'காடாற்று' (2011) எனப் பெயரிட்டார். பிணம் எரிக்கப்பட்ட பின் சுடலைக்குச் சென்று பால் தெளித்து எலும்பையும் சாம்பலையும் திரட்டும் ஈமச்சடங்கை இச்சொல் குறிக்கும். உடல்களே கிடைக்காத, எங்கு எரிக்கப்பட்டனர் எனத் தெரியாத மக்களுக்குக் காடாற்றுவது எவ்வாறு? நிகழாத சடங்கின் இடத்தைக் கவிதை ஏற்கிறது என்பதைத் தலைப்பே உணர்த்துகிறது. அடுத்து வந்த 'அஞர்' (2018), சங்க இலக்கியத்திலும் குறளிலும் பயின்று, பின் வழக்கொழிந்த துன்பப்பொருளுடைய சொல்லைத் தலைப்பாக்கியது. அதன்பின் வந்த தொகுதி 'திணைமயக்கம்' என்னும் இலக்கணக் கலைச்சொல்லைத் தாங்கியது.

1983இன் தலைப்பில் சூரியன் என்னும் எளிய சொல் இருந்தது. கால்நூற்றாண்டு கடந்து, அன்றாட வழக்கிலிருக்கும் சொற்கள் போதாமையால் சடங்கின் சொல்லையும் பண்டை இலக்கியத்தின் சொல்லையும் கவிஞர் தேடிச்செல்கிறார். இச்சொற்களுக்கு ஆங்கிலத்தில் நேர்ச்சொல் காண்பது அரிது. வெளியாருக்கான பணிகள் ஆங்கிலத்தில் பெருகப் பெருக, கவிதையின் மொழி தமிழின் உள்ளடுக்குகளை நோக்கி ஆழ்ந்து செல்வதை இது காட்டுகிறது.

11. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. சேரனின் மூன்று பணிகளும் ஒரே சாட்சியப் பணியின் பகுதிகள். அவற்றிற்கிடையே உள்ள எல்லை, வடிவத்தைவிடக் கேட்போர் யார் என்பதாலேயே வகுக்கப்படுகிறது.

2. யாழ்ப்பாணத்தில் ஆங்கில இதழ், கொழும்பில் தமிழ் இதழ், கனடாவில் ஆங்கில நாடகம் என அமைந்த மொழிமாற்றங்கள், ஒவ்வொரு காலத்திலும் யாரிடம் பேசவேண்டியிருந்தது என்னும் அரசியல் தேவையிலிருந்து பிறந்தவை. தமிழ்க்கவிதை மட்டுமே இடையறாது தொடர்ந்தது.

3. அவர் கவிதையின் செய்தித்தன்மையைக் குறையாகக் கருதவேண்டியதில்லை. இடம், பொருள், திசை ஆகியவற்றைத் துல்லியமாகக் காணும் இதழாளரின் கண், கவிதையை முழக்கமாகாமல் காத்தது.

4. அச்சகங்களும் நூலகமும் அழிக்கப்பட்ட ஒரு சமூகத்தின் வரலாற்றை எழுதுவோர், கவிதைத் தொகுப்புகளையும் நாடகப் பனுவல்களையும் இதழ்களோடு இணைத்தே மூலச்சான்றுகளாகக் கொள்ளவேண்டும். எந்த நாளில் எது நிகழ்ந்தது என்பதை இதழ் தரும். அந்நாளுக்குப் பின் அம்மக்கள் எதனோடு வாழ்ந்தனர் என்பதைக் கவிதையே தரும்.

ஈழத்து இலக்கியத்தில் இதழாளர்களாகவும் இயங்கிய பிற கவிஞர்களுக்கும் இம்மொழித்தேர்வு அணுகுமுறையை விரித்துப் பார்ப்பது பயனளிக்கும். குறிப்பாக, 'சாட்டர்டே ரிவியூ', 'சரிநிகர்' ஆகிய இதழ்களின் பக்கங்களையும் அதே காலக் கவிதைத் தொகுப்புகளையும் நாள்வரிசையில் அருகருகே வைத்துப் படிக்கும் ஆய்வு, 1980–2000 காலத் தமிழ் எழுத்தின் வரலாற்றைப் புதிய ஒளியில் காட்டும்.